உன் பெயர்க்காரன் எப்படி இறந்தான்

செம்பரிதி,

நலம் கேட்டுத் தொடங்குவதுதான் மடலுக்கு முறை. எனக்கு அந்த வரி எழுத வரவில்லை. சென்ற ஞாயிறு பிற்பகல், திருத்தணிப் பேருந்து நிலையத்தில், வண்டியின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நீ திரும்பிப் பார்த்துக் கேட்டாய்: "நைனா, என் பேர்க்காரரு எப்டி செத்தாரு? மேடையில நீங்க சொல்றது வாணாம். நெசமா எப்டி?" நடத்துநர் ஊதினார். நான் காதில் விழாதவனைப் போலக் கையை அசைத்தேன். காதில் விழுந்தது. ஒலிபெருக்கி பழுதான மேடைகளில் வெறுங்குரலால் திடலின் கடைசி வரிசையை எட்டியவன் நான். ஒரே ஒருவன் கேட்ட கேள்விக்கு வாய் திறக்க முடியாமல் அந்தப் புழுதியில் நின்றேன். உன் வண்டி கனகம்மாசத்திரத்தைத் தாண்டியிருக்கும்; அதுவரை அங்கேயே நின்றேன். வாயால் சொல்ல இயலாததை எழுத்தால் சொல்லப் பார்க்கிறேன்.

இம்மடல் உனக்கு, ஆனால் உனக்கு மட்டும் அன்று. இவ்வாண்டு நினைவு மலரில், வழக்கமாக என் வீரவணக்கக் கட்டுரை வரும் பக்கங்களில் இதையே அச்சிடக் கொடுக்கிறேன். அச்சேறும் முன் நீ படிக்க வேண்டும் என்பதற்காக ஒரு படியை அஞ்சலில் விடுகிறேன். மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால், உனக்குத் தெரிந்த சிலவற்றையும் சொல்லியாக வேண்டும். முப்பத்து மூன்று ஆண்டுகளாக ஒவ்வோர் ஆடியிலும், கிருத்திகைக் காவடிகள் மலையிறங்கி ஊர் மூச்சுவிடும் மறு கிழமையில், நம் தோழர்கள் ஈகி செம்பரிதிக்கு நினைவேந்தல் நடத்துகிறார்கள். பெயர்ப் பலகைகளில் தமிழ் வேண்டும் என்று தொடர்வண்டியை மறித்து, அதன் முன் கொடியோடு அசையாமல் நின்று உயிர்விட்ட இருபத்திரண்டு அகவை இளைஞன் அவன். ஊர் அப்படித்தான் அறியும். நான் அப்படித்தான் அறிவித்தேன். ஆண்டுதோறும் பேருரை என்னுடையது. இவ்வாண்டு உடல் நலமில்லை என்று விலகிக்கொண்டேன். உடலுக்கு ஒன்றுமில்லை. உடனே குழுவினர் உன்னிடம் வந்தார்கள். ஈகியின் பெயர் தாங்கிய மகன் பேசினால் கூட்டம் உருகிவிடும் என்றார்கள். எப்படி இறந்தார் என்று அறியாமல் பேச மாட்டேன் என்று நீ சொல்லிவிட்டாய். அந்தப் பிடிவாதத்தை நீ எங்கே கற்றாய் என்பது எனக்குத் தெரியும். நம் வீட்டு மாடியறையில், சோவியத்து வானூர்திப் படையணி ஒன்றின் பழைய பதிவேட்டில் கற்றாய்.

முதலில் பெயர். நீ பிறந்தபோது உன் அம்மா உனக்குச் சீனிவாசன் என்று வைக்க விரும்பினாள். நகரிப் பக்கத்துத் தெலுங்கு வீட்டுப் பெண். என் தமிழுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். நான் செம்பரிதி என்றேன். மருத்துவமனைக் கட்டிலில் சாய்ந்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். "வாழ்ந்து முடிச்சவங்க பேருன்னா வைங்க. வாழாம போன புள்ள பேரு என் கொழந்தைக்கு எதுக்குங்க?" என்றாள். நான் அங்கேயே ஒரு சிற்றுரை ஆற்றினேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் கைதட்டினார்கள். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பழிவாங்கியவளைப் போல உனக்கு முதற்சொல்லாக "நைனா"வைக் கற்றுக்கொடுத்தாள். நான் கற்கண்டைக் கையில் வைத்துக்கொண்டு "அப்பா சொல்" என்பேன். நீ கற்கண்டை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு "நைனா" என்பாய்.

நீ மூன்றாம் வகுப்புப் படித்தபோது நடந்ததை மறந்திருப்பாயோ என்னவோ. நினைவேந்தல் சுவரொட்டியைத் தோழர்கள் உன் பள்ளி மதிலிலேயே ஒட்டிவிட்டார்கள். கறுப்புக் கட்டம் கட்டி, கொட்டை எழுத்தில் "ஈகி செம்பரிதிக்கு வீரவணக்கம்". அதன் முன் உன் வகுப்புப் பையன்கள் உன்னை நிறுத்தி, "டேய், நீ செத்துட்டியாடா? போஸ்டர் ஒட்டிகீறாங்க பாரு! பேயிடா இவன், தொடாத, தொடாத" என்று சுற்றிச் சுற்றி ஓடியிருக்கிறார்கள். நீ அழுதுகொண்டு வந்தாய். நான் உன்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "அது பெருமையடா" என்றேன். அன்று மாலையே மேடையில் உன்னை அவன் படத்துக்கு மாலை போட வைத்தேன். மாலையை உயர்த்திய உன் கைகள் நடுங்கின. அந்த நடுக்கத்தையும் ஓர் அடுக்குமொழியாக்கிக் கைதட்டல் வாங்கினேன். அதன்பின் நெடுங்காலம் நீ தொடர்வண்டி நிலையத்தில் தூணைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாய். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வளர்ந்தாய், வேலைக்குப் போனாய். ஞாயிறுதோறும் வீட்டுக்கு வந்து மாடியறைக் கதவைச் சாத்திக்கொண்டாய். உள்ளே இயந்திர இரைச்சல். முப்பது அகவை ஆண்மகன் கணினியில் வானூர்தி விளையாடுகிறான் என்று நான் ஏளனம் செய்தேன். அரக்கோணத்திலிருந்து உன் தோழன் ரபீக் வருவான். தன் தந்தையின் வண்டிப் பட்டறையில் கிரீசு படிந்த கைகளைத் துடைத்துக்கொண்டே, துணிப்பையில் தன் ஜாய்ஸ்டிக்கைச் சுமந்து வருவான். அதற்கு நான் "இயக்குபிடி" என்று பெயர் சூட்டியபோது அவன் சிரித்த சிரிப்பு இன்னும் மாடிப்படியில் கேட்கிறது. "ஐயா, 'இயக்குபிடி'ன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள என்னை சுட்டுத் தள்ளிடுவான்ங்க!"

ஆனால் உள்ளே வந்து உட்கார்ந்த முதல் நாளே எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. எட்டுப் பேர் நீங்கள்; ரபீக்கைத் தவிர மற்றவர்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து, சிலர் வெவ்வேறு நாடுகளிலிருந்து, குரலாய் மட்டும் வருகிறவர்கள். இரண்டாம் உலகப் பெரும்போரில் சோவியத்து நாட்டுக்காகப் பறந்த ஒரு தாக்குதல் படையணியை நீங்கள் மீண்டும் பறக்க வைத்துக்கொண்டிருந்தீர்கள். அதே வகை வானூர்தி, முன்னால் ஓட்டுபவர், அவருக்கு முதுகு காட்டிப் பின்னோக்கி அமர்ந்த சுடுநர். அதே ஆறு, அதே பனி வெளி, பதிவேட்டில் உள்ள அதே நாளின் அதே மேகம். ஒவ்வொருவனும் அந்தப் படையணியில் இறந்துபோன ஒருவரின் பெயரை எடுத்துக்கொண்டு பறக்க வேண்டும். எடுக்கும் முன், அவர் எப்படி இறந்தார் என்பதை எல்லாரும் கேட்கப் படிக்க வேண்டும். அது உன் படையணியின் கட்டளை. நீ அன்று ஒரு புதியவனுக்காகப் படித்தாய்: "அகவை பத்தொன்பது. பின்னிருக்கைச் சுடுநர். போர்ப்பணியிலிருந்து திரும்பவில்லை." அவ்வளவுதான். நான் இடைமறித்து, "வீரமாகப் போரிட்டு என்று சேர்த்துக்கொள், சொல்லுக்கு ஓர் உயிர் வரும்" என்றேன். நீ திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாய்: "அதுல இல்ல நைனா. இல்லாதத நாம போடக் கூடாது. அவரு பயந்துகூட இருக்கலாம். அதையும் நாம அவருகிட்டயிருந்து எத்துக்கக் கூடாது."

போர்ப்பணியிலிருந்து திரும்பவில்லை. ஞாயிறுதோறும் அந்த வரி மாடியிலிருந்து இறங்கி வரும். ஒருவன் சுடப்பட்டு விழுந்தால் அந்தப் பெயர் அதோடு முடிந்தது. மறுபடி எவனும் அதை எடுக்கக் கூடாது. உன் குறிப்பேட்டில் அதன்மேல் ஒரு கோடு, பக்கத்தில் அந்த வரி, அதன்கீழ் காரணம். நான் கூடத்தில் செய்தித்தாள் படிப்பவனைப் போல அமர்ந்திருப்பேன். எங்கோ பனியில் புதைந்தவர்களின் பெயர்கள், திருத்தணி வெயிலில், உன் அம்மா வடகம் காயப்போட்டிருக்கும் மாடியிலிருந்து, ஒவ்வொன்றாய் வந்து என் எதிரே உட்காரும். பட்டியல் முடிந்த பிறகும் ஓர் இருக்கை காலியாக இருக்கும். அங்கே யார் வந்து அமரப் போகிறான் என்று எனக்குத் தெரியும். எழுந்து வெளியே போய்விடுவேன்.

சென்ற பங்குனியின் ஒரு ஞாயிறுக்கு வருகிறேன். உண்மைப் படையணிகளில் பறக்கும் முன் ஒருவர் உரையாற்றி வீரர்களை எழுப்புவாராம். "ஐயாவ பேசச் சொல்லுங்கடா" என்றான் ரபீக். நீ தயங்கினாய், நான் அதைக் கவனித்தேன். கவனித்தும், ஒலிவாங்கி பொருத்திய உன் காதொலிப்பானை எடுத்து மாட்டிக்கொண்டேன். நான்கு நிமையம் பேசினேன். மண், மானம், பின்வாங்காத கால்கள். மறுமுனையில் மூச்சுகள் மாறுவது எனக்குக் கேட்டது. அந்த ஓசைக்காகத்தான் வாழ்நாள் முழுதும் மேடை ஏறினேன். எட்டு வானூர்திகளும் மரங்களை உரசியபடி ஆற்றை நோக்கிப் போயின. ஆற்றின் மேல் எதிரியின் மிதவைப் பாலம். அதை உடைக்க வேண்டும். பதிவேட்டு முறை உனக்கு மனப்பாடம்: ஒரே பாய்ச்சல். முதல் பாய்ச்சலில் எதிரி விழித்திருக்க மாட்டான். இரண்டாவதில் அவன் பீரங்கிகள் எல்லாம் உன்னையே பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே உடைந்தாலும் உடையாவிட்டாலும் வீடு திரும்ப வேண்டும். பாய்ந்தீர்கள். புகை விலகியது. பாலம் நின்றுகொண்டிருந்தது. நீ அமைதியாக, "வூட்டுக்கு" என்றாய். எட்டும் திரும்பின.

அப்போது கத்தியது நான். காதொலிப்பானை நான் இன்னும் கழற்றவில்லை. "பாலம் நிற்கிறது! திரும்புங்கள்! ஒருவனும் அதை விட்டுவிட்டு வராதீர்கள்!" என்றேன். முதலில் ரபீக் திரும்பினான். அவனைத் தனியே விட முடியாமல் நீ திரும்பினாய். பிறகு எல்லாரும். சில நிமையங்களில் ஆறு பேர் இல்லை. படையணியில் உன் பெயர், பியோதர், ஈராண்டுகளாக நீ அத்தனை எச்சரிக்கையோடு உயிருடன் கொண்டுவந்து கொண்டுவந்து சேர்த்த பெயர், ஆற்றுக்குள் போயிற்று. திரை கறுத்தது. நீ என்னைப் பார்க்கவில்லை. குறிப்பேட்டை எடுத்து ஆறு கோடுகள் போட்டாய். ரபீக் நாற்காலியில் சாய்ந்து, கண்கள் மின்ன, என்னைப் பார்த்துச் சிரித்தான். "ஐயா, இன்னா கொரலுங்க அது! செத்தா இன்னான்னு திரும்பிட்டேன்." நீ சொன்னது இவ்வளவே: "டீ ஆறிட்ச்சி நைனா, குடிங்க."

நீங்கள் கீழே போன பிறகு அந்தக் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தேன். ஆறு பெயர்கள். ஆறுக்கும் அதே வரி. அதன்கீழ், காரணம் என்ற இடத்தில், உன் சிறிய எழுத்தில் எழுதியிருந்தாய்: "தரையிலிருந்து வந்த குரல்." சினமில்லை, குற்றச்சாட்டில்லை, நடந்ததை எழுதியிருந்தாய். என் உரைகளைப் பற்றி இதுவரை எழுதப்பட்ட திறனாய்வுகளில் மிகச் சரியானது அதுதான். நீ இன்று உன் தொழிற்சாலையில் முப்பது பேருக்கு மேலாள் என்கிறார்கள். ஓர் ஆணையைச் சொல்லும் முன், நீ எங்கே நின்றுகொண்டு அதைச் சொல்கிறாய் என்று குனிந்து உன் காலடியைப் பார்த்துக்கொள். நான் பார்த்ததில்லை.

இனி நீ கேட்டது. அவன் பெயர் செம்பரிதி அன்று, முனிரத்தினம். கே.ஜி.கண்டிகையில் நிலக்கடலைக் கொல்லைகளில் கூலி செய்த அம்மாவின் மகன். ஒரு தங்கை, எல்லம்மா. என் உரை கேட்டு இயக்கத்துக்கு வந்தான். வந்தவர்களுக்கெல்லாம் தூய தமிழ்ப் பெயர் சூட்டுவது அன்று எங்கள் வழக்கம். ஒரே மாலையில் ஆறு பேருக்குச் சூட்டினேன். அவனுக்குக் கிடைத்தது செம்பரிதி. மேடையேறிப் பேச அவனுக்கு வராது. சுவருக்குச் சுண்ணாம்பு, பசைச் சட்டி, ஒலிபெருக்கி, எல்லாவற்றையும் சுமப்பான். அதைச் சுமக்கையில் மட்டும் அவன் முகம் அத்தனை பெருமையாக இருக்கும்.

அன்று மணவூருக்கு மேற்கே தண்டவாளத்தில் நாற்பது பேர் அமர்ந்தோம். பயணியர் வண்டி ஒன்று எங்கள் முன் வந்து நின்றது; ஓட்டுநர் விடாமல் ஊதிக்கொண்டிருந்தார். வாடகைக்கு எடுத்த குழாய் ஒலிபெருக்கியில் நான் முழங்கிக்கொண்டிருந்தேன்: ஒருவனும் எழக் கூடாது, எழுந்தவன் தமிழன் அல்லன். சற்று நேரத்தில் காவலர்கள் தடியோடு சரளைக்கல்மேல் ஓடிவந்தார்கள். முதலில் எழுந்தவன் யார் தெரியுமா? நான். ஒலிவாங்கியைப் போட்டுவிட்டு, பக்கத்துத் தண்டவாளத்தையும் தாண்டி, சரிவில் இறங்கி நிலக்கடலைக் கொல்லைக்குள் ஓடினேன். எல்லாரும் ஓடினார்கள். முனிரத்தினமும் ஓடினான். என்னைவிட விரைவாக ஓடினான். என்னைக் கடந்து, முன்னால் போய்க்கொண்டிருந்தான். அவன் பிழைத்துவிட்டான், செம்பரிதி. அதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள். என் கண்முன்னே அவன் தப்பிவிட்டான்.

அப்போது எனக்கு அந்தக் குழாயின் நினைவு வந்தது. காவலர் எடுத்துக்கொண்டால் கடைக்காரனுக்கு என்ன சொல்வது என்ற சின்ன நினைவு. நான் கூவினேன். மேடைத் தமிழில் அன்று, பிறந்த ஊர்ப் பேச்சில் கூவினேன்: "டேய் முனிரத்னம்! அந்த ஹாரன எத்துனு வாடா!" அவன் நின்றான். திரும்பினான். ஒரு சொல் கேட்கவில்லை. என்னைக் கடந்து மறுபடி சரிவேறித் தண்டவாளத்துக்குப் போனான். குழாயைத் தூக்கினான். கனமாக இருந்ததாலோ, காவலர் நெருங்கியதாலோ, அதை என்னை நோக்கி வீசினான். அது உருண்டு கடலைச் செடிகளுக்குள் வந்து விழுந்தது. கைகள் விடுபட்டதும் மறு தண்டவாளத்தில் கால் வைத்தான். நின்றிருந்த வண்டியின் ஊதலில், வந்துகொண்டிருந்த வண்டியின் ஓசை எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. மற்றவர்கள் திரும்பிப் பார்க்காமல் ஓடிக்கொண்டிருந்தார்கள். எங்களில் பார்த்தவன் நான் ஒருவன். அதன்பிறகு நான் செய்த முதற்செயலையும் எழுதிவிடுகிறேன்: அவனிடம் போகவில்லை. குனிந்து குழாயை எடுத்துக்கொண்டேன்.

மாலையில் மருத்துவமனை வாயிலில் ஊர் திரண்டிருந்தது. அந்தக் குழாயையே ஒரு வேப்பங்கிளையில் கட்டினார்கள். என் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்தார்கள். இயக்கிய உடன் ஒரு முனகல் வருமே, அது வந்தது. அதற்குள் சரளைக்கல்லில் ஓடும் காலடிகள் கேட்டன. அவற்றை அடக்கத்தான் முதல் வரியைச் சொன்னேன்: "அசையவில்லை! வண்டி வந்தது, அவன் அசையவில்லை!" கூட்டம் ஓலமிட்டது. அந்த ஓலத்துக்குப் பிறகு உண்மைக்குத் திரும்பும் வழி எனக்கு அடைபட்டது. அடைத்தது நான்தான். தண்டவாளத்தைக் கடக்கையில் அடிபட்டான் என்று காவலர் எழுதியதை ஊரில் ஒருவரும் நம்பவில்லை. முப்பத்து மூன்று ஆண்டுகளில் நான் ஏறிய ஒவ்வொரு மேடையிலும், முதற்சொல்லுக்கு முன் அந்த முனகலில் அவன் ஓடி வருகிறான். நான் உரக்கப் பேசுவதன் காரணம் கொள்கை மட்டும் அன்று.

உனக்கு எழுதும் முன், அதைக் கேட்கும் முதல் உரிமை வேறொருவருக்கு உண்டு என்று தோன்றியது. நேற்று முன்பகல் கே.ஜி.கண்டிகைக்குப் போனேன். எல்லம்மா பேருந்து நிறுத்தத்தருகே தேநீர்க் கடை வைத்திருக்கிறாள். "வாங்க ஐயா, மீட்டிங்குக்கு இன்னும் நாள் கீதே, கூப்ட வந்தீங்களா?" என்று பலகையைத் துடைத்துப் போட்டாள். நான் அமரவில்லை. நின்றபடியே சொன்னேன். அடுக்குமொழி ஒன்றுமில்லாமல் பேசுவதற்கு எனக்கு எவ்வளவு மூச்சு தேவைப்பட்டது என்று சொன்னால் நம்பமாட்டாய். பாதியில் இரண்டு ஆட்டோக்காரர்கள் வந்து, "யக்கா, ரெண்டு டீ" என்றார்கள். "இல்லப்பா, அடுப்ப அணைச்சிட்டேன், போங்க" என்றாள். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

முடித்ததும் அவள் கேட்டாள்: "ஓடினானா?"

"ஓடினான் அம்மா. எனக்கு முன்னால் ஓடினான்."

"ஹாரனுக்கா கூப்ட்டீங்க?"

"ஆம்."

"அன்னிக்கி சாயங்காலம் ஆஸ்பத்திரி வாசல்ல பேசினீங்களே. அது எந்த ஹாரன்?"

"அதுதான்."

அவள் என்னை அடித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். பாலை இறக்கி வைத்தாள். கையைப் புடவையில் துடைத்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். "எங்கம்மா பதினாறு வருசம் ஒரே கேள்வி கேட்டுகினே செத்துச்சுங்க. 'ரயிலு வர்றது தெரிஞ்சே நின்னானாமே, என்னைய நெனச்சிப் பாத்தானாடி அவன்?'னு. அவன் படத்த வூட்ல மாட்ட உடல. 'நம்ம வாணாம்னு போனவன், அவங்க ஆபீசுலயே மாட்டிகினு கெடக்கட்டும்'னுச்சு. நானும் அப்டித்தான் நெனச்சிகினு இருந்தேன். வருசா வருசம் உங்க மேடையில ஒக்காந்துகினு, எங்கண்ணன மனசுக்குள்ள திட்டிகினு இருந்தேன்." அப்போதுதான் அடுப்பை அணைத்தாள். "அவன் வூட்டுக்கு வரத்தான் ஓடிகினு இருந்துகீறான். இத எங்கம்மாவுக்கு இப்ப யாருங்க சொல்றது?"

மகனே, நான் ஓர் உயிருக்குக் காரணமானவன் என்று மட்டும் நினைத்திருந்தேன். அவனை உயர்த்திவிட்டோம், பொய்யானாலும் அது அவனுக்கு நான் கட்டிய கோயில் என்றுகூட என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் பொய் ஒரு தாயிடமிருந்து மகனை இரண்டாம் முறை எடுத்துக்கொண்டது என்பது நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது. அவனை நான் அஞ்சாதவன் ஆக்கினேன். அதற்காக, தன் அம்மாவை நினையாதவனாகவும் ஆக்கிவிட்டேன். இல்லாததைப் போடக் கூடாது என்று நீ சொன்னபோது, அது ஒரு விளையாட்டின் விதி என்று எண்ணினேன்.

மன்னிப்புக் கேட்கக் கை குவித்தேன். எல்லம்மா தடுத்தாள். "எங்கிட்ட வந்து சொன்னா ஆச்சா? எங்கம்மா அத மைக்ல கேட்டுச்சு. மைக்லியே சொல்லுங்க."

ஆகவே நீ மேடை ஏற வேண்டாம். நான் ஏறுகிறேன். குழுவினரிடம் சொல்லிவிட்டேன். இயக்கத்தின் முதுகில் குத்துகிறீர்கள் என்றார் ஒருவர். முப்பத்து மூன்று ஆண்டுச் சுவரொட்டிகளை என்ன செய்வது என்றார் இன்னொருவர். மலரில் இதை அச்சிடாமல் நிறுத்தலாம். மேடையை எனக்கு மறுக்கவும் செய்யலாம். மறுத்தால் அதே நாள், அதே நேரம், பேருந்து நிலையத்தில் ஒரு குழாய் கட்டிக்கொண்டு பேசுவேன். உன்னை ஒன்று வேண்டுகிறேன். அன்று வந்து, முன்வரிசையில் எல்லம்மாவின் பக்கத்தில் நில். எனக்கு என் குரலைத் தெரியும். கூட்டத்தைக் கண்டால் அது தானாக எழும். உண்மையையே ஓர் அடுக்குமொழியாக்கும். என் குற்றத்தையே ஒரு வீரச்செயலாக்கிக் கைதட்டல் கேட்கும். அப்படி ஒரு சொல் நான் கூட்டினால், நீ கையை உயர்த்து. நான் நிறுத்திக்கொள்கிறேன். யாராவது கைதட்டினாலும் உயர்த்து.

நீ அன்று கேட்டதில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தி முடிக்கிறேன். "என் பேர்க்காரரு" என்றாய். இறந்தவனை அவன் அம்மா ஒரு நாளும் செம்பரிதி என்று அழைத்ததில்லை, தங்கையும் அழைத்ததில்லை. அவனே அந்தப் பெயருக்கு இரண்டாம் முறை கூப்பிட்டால்தான் திரும்புவான். நாங்கள் கேலி செய்வோம். சரிவில் ஓடிக்கொண்டிருந்தவனை நான் அழைத்தது முனிரத்தினம் என்று. அதனால்தான் முதல் கூவலிலேயே நின்றான்; அதனால்தான் திரும்பினான். செம்பரிதி என்ற பெயரில் இதுவரை ஒருவனும் இறக்கவில்லை. அந்தப் பெயரில் இதுவரை வாழ்ந்திருப்பவன் நீ ஒருவன்தான்.